வீட்டுக்காரர் குடியிருக்கும் வீடு

வீட்டைப் பார்வையிட அதிகாரி காலையில் வருவதாகச் சொல்லியிருந்தார். லிஃப்ட் மெக்கானிக்கின் மனைவிக்கு விடிந்ததிலிருந்தே இருப்புக் கொள்ளவில்லை. சோபாவில் உட்கார்ந்தாள், எழுந்தாள், சன்னலுக்குப் போனாள், திரும்பி வந்து தான் உட்கார்ந்த இடத்தை நீவிவிட்டாள்.

சுற்றுலாக்காரர்களுக்கு நாள் வாடகைக்கு விடும் வீடுகளைப் பதிவு செய்யவேண்டும் என்று அரசாங்கம் புதுச் சட்டம் போட்டிருந்தது. வீட்டுக்காரர் அதே வீட்டில் குடியிருந்தால்தான் பதிவு. ஊரில் பாதி வீட்டை வளைத்துப் போட்டு வாடகைக்கு விடும் மகாராசன்களைப் பிடிக்கத்தானாம். நியாயம்தான். இவளுக்கென்ன பயம்? இருப்பது இரண்டறை வீடு ஒன்று. கல்யாணமான நாள்முதல் இங்கேதான் வாசம். ஆனாலும் பயந்தாள். புருஷனுக்கு இப்போதெல்லாம் வாரத்தில் பாதி நாள்தான் வேலை, மிச்சத்துக்கு இந்த வீட்டு வாடகைதான் கைகொடுத்தது. பதிவு கிடைக்காவிட்டால் வீட்டை விற்கவேண்டியதுதான்.

பயம் வந்தால் அவளுக்குத் தெரிந்த வைத்தியம் துடைப்பது. துடைத்தாள். குளியலறையில் ஒரு தலைமுடிகூட விடவில்லை. இரண்டு பல் பிரஷையும் பையில் போட்டாள். புருஷனின் பழைய சட்டைகளைப் பெட்டிக்குள் திணித்தாள். குடும்பப் படத்தை அலமாரிக்குப் பின்னால் செருகினாள். வாடகைக்கு ஆள் வரும் நாளெல்லாம் செய்கிற வேலை, கை தன்பாட்டுக்குச் செய்துகொண்டே போனது. வீடு விளம்பரத்தில் இருப்பதுபோல ஆனபிறகுதான் மூச்சு விட்டாள். பாவம், அவளுக்கு அதில் ஒரு பெருமைகூட.

வந்தவர் இவளைவிட இளைய பெண். முகம் கறார், குரல் சாது. அலமாரியைத் திறந்தார். மடித்த துண்டுகள், பிரிக்காத குட்டி சோப்புகள்.

“இங்க யாரு குடியிருக்கீங்க?”

“நாங்கதான் மேடம். நானும் அவரும்.”

“உங்க துணிமணியெல்லாம்?”

கட்டிலுக்கடியிலிருந்து பெட்டியை இழுத்துக் காட்டினாள்.

“ஊருக்குக் கிளம்புறீங்களா?”

“இல்ல மேடம். எப்பவும் இதுலதான் இருக்கும்.”

“எங்க படுப்பீங்க?”

ஆள் வந்தால் சமையலறையில். ஆள் இல்லாதபோதும் சமையலறையில்தான், கட்டிலில் படுத்தால் விரிப்பைத் துவைக்கவேண்டுமே. அதைச் சொன்னாள். அவள் காதுக்கே பொய்போல இருந்தது.

“இதையேதான் பக்கத்துத் தெருவுலயும் சொன்னாங்கம்மா. விசாரிச்சா வீட்டுக்காரர் வேற ஊர்ல இருக்காரு.”

“சத்தியமா இங்கதான் மேடம் இருக்கோம்.”

யாரோ கதவை மெல்லத் தட்டினார்கள். அதிகாரியே போய்த் திறந்தார். வெளியே மெக்கானிக், செருப்பைக் கையில் பிடித்தபடி, சுவரோரம் ஒதுங்கி நின்றார்.

“யாரைப் பார்க்கணும்?”

“நான் இந்த வீட்டுக்காரனுங்க.”

“சாவி இல்லையா?”

“இருக்குங்க. உள்ள யாராச்சும் தங்கியிருந்தா தொந்தரவா இருக்குமேன்னு.”

மனைவிக்கு அங்கேயே பூமி பிளந்து தன்னை விழுங்கிவிடாதா என்றிருந்தது. அவர்மேல் கோபமில்லை. இப்படி அவரைப் பழக்கியது அவள்தானே.

அதிகாரி இருவரையும் மாறிமாறிப் பார்த்தார். “இப்ப எழுதினா யாரும் குடியில்லைன்னுதான் எழுதணும். அடுத்த வாரம் மறுபடி வர்றேன். அதுக்குள்ள குடி வந்துடுங்க.”

அவர் படியிறங்கியதும் அவள் முதல் காரியமாக, சாயங்காலம் வரவிருந்தவர்களுக்குப் போன் போட்டு இடமில்லை என்றாள். பிறகு புருஷனின் கையைப் பிடித்துப் படுக்கையறைக்கு இழுத்துப் போனாள்.

“படுங்க.”

“இந்த நேரத்துலயா?”

“படுங்கன்னா படுங்க. விரிப்பு கசங்கணும்.”

அவர் விளிம்பில் உட்கார்ந்தார். பிறகு மெல்லச் சாய்ந்து, கைகளை நெஞ்சின்மேல் வைத்துக்கொண்டு, அசையாமல் படுத்தார். அவளும் பக்கத்தில் படுத்தாள். தங்கள் கட்டிலில் இருவரும் சேர்ந்து படுத்து எத்தனை காலமாயிற்று என்று நினைத்தபோது அழுகை முட்டியது. அவர் தூங்கிவிட்டார் என்றுதான் நினைத்தாள். கொஞ்ச நேரம் கழித்து அவர் தலையைத் திருப்பி, கேலியே இல்லாமல் கேட்டார்:

“எத்தனை மணிக்குக் காலி பண்ணணும்?”