எண்ணெயில் போட்ட பூண்டு

விதைக்கடைக்காரர் பேரத்தைப் பாதியில் விட்டுவிட்டார். எனக்குப் பயம் ஆரம்பித்தது அந்த இடத்தில்தான்.

நான் பாத்திரக் கடைக்காரர் மகள். ஒரு வாணலி மூடிக்கு என் அப்பா முக்கால் மணி நேரம் பேசுவார். வாங்க வந்தவர் கோபித்துக்கொண்டு தெருவரை போவார், அப்பா கொட்டாவி விடுவார், போனவர் திரும்பி வருவார். கடைசியில் இருவரும் நஷ்டப்பட்ட முகத்தை வைத்துக்கொண்டு, உள்ளுக்குள் சிரித்தபடி பிரிவார்கள். இதையே பார்த்து வளர்ந்தவள் ஒரு கிலோ விதைப் பூண்டைப் பாதி விலைக்குக் கேட்டால் கடைக்காரர் சீற வேண்டும். சீறவும் செய்தார். "ஏங்கா, பூண்டுக்கு விலை கேக்கறீங்களா, பூண்டுத் தோலுக்கா?" என்றார். மூன்று சுற்று நன்றாகத்தான் போனது. நாலாவது சுற்றில் பேச்சுவாக்கில் ஒன்று கேட்டார்.

"உங்க தோட்டத்துலயே விளையுதே, விதைக்குன்னு எடுத்து வைக்கலையா?"

பீற்றிக்கொள்ள இதைவிட நல்ல இடம் கிடைக்குமா? வீட்டுக்குப் பின்னால் எனக்கு நாலு பாத்தி, மூன்று ரகம். முதல் ரகத்துக்குக் கழுத்து விறைப்பு. நடுவில் பென்சில் மாதிரி ஒரு தண்டு, அதைச் சுற்றி ஆறேழு தடித்த பல். உரிக்கச் சுகம், கடித்தால் காது சூடாகும். ஆனால் நாலைந்து மாதத்துக்கு மேல் தாங்காது, சுருங்கிப்போகும். இரண்டாவது ரகத்துக்குக் கழுத்து வளையும். தாளோடு சடை பின்னித் தொங்கவிட்டால் அடுத்த அறுவடை வரை அசையாது. பல்தான் பொடிசு, உரிப்பதற்குள் நகம் போய்விடும். மூன்றாவது யானைப் பூண்டு. ஒரு பல்லே எலுமிச்சை அளவு இருக்கும், காரம் மட்டும் இருக்காது. என் வீட்டுக்காரரை நினைத்துக்கொள்ளுங்கள்.

பறித்ததும் கழுவக் கூடாது. மண்ணை உதிர்த்து நிழலில் மூன்று வாரம் பரப்பி, பிறகு வலைப்பையில் போட்டு மாடிப்படிக்கு அடியில் மாட்ட வேண்டும். இதெல்லாம் எனக்கு அத்துப்படி. அத்துப்படி என்ற நினைப்புதான் வினையாகப் போனது.

"விறைச்ச கழுத்து ரகம் சுருங்க ஆரம்பிச்சுடுச்சு. வீணாப் போக விடுவேனா? மிச்சம் இருந்ததை உரிச்சு ஒரு பாட்டில்ல அடைச்சு, மேல எண்ணெயை ஊத்திட்டேன்" என்றேன்.

"பச்சையாவா?"

"பின்ன? வேக வச்சா காரம் போயிடுமே."

"வினிகர் ஏதாவது விட்டீங்களா?"

"நல்ல எண்ணெயை எதுக்குக் கெடுக்கணும்?"

"ஃப்ரிட்ஜுலதானே வச்சீங்க?"

"ஜன்னல் மேடையில. மூணு வாரம் இருந்துச்சு. வெயில் பட்டா பாட்டில் தங்கமா மின்னும், பாத்துக்கோங்க."

அவர் தராசிலிருந்து கையை எடுத்தார். பிறகு, நான் கேட்ட அநியாய விலைக்கே, "சரி, எடுத்துக்கோங்க" என்றார். பூண்டைப் பையில் போட்டவர் பையை என்னிடம் நீட்டவில்லை.

"அக்கா, அதை யாரும் சாப்பிடலையே?"

அவர் மெதுவாகச் சொல்லச் சொல்ல எனக்கு வேகமாக வியர்த்தது. மண்ணிலேயே ஒரு கிருமி உண்டாம். காற்று படுகிற இடத்தில் அது வாலைச் சுருட்டிக்கொண்டு கிடக்குமாம். எண்ணெய்க்குள் காற்று ஏது? அங்கே உட்கார்ந்து விஷம் காய்ச்சுமாம். முதலில் கண் இமை தொங்கும், ஒன்று இரண்டாகத் தெரியும், பேச்சு குழறும், விழுங்க முடியாது. அப்புறம் மூச்சு.

"கெட்டுப்போனா நாத்தம் அடிக்காதா?" என்றேன்.

"அடிச்சா பரவாயில்லையே. நாத்தம் வராது, நிறம் மாறாது, ருசியும் மாறாது."

அந்தப் பாட்டில் என் வீட்டில் இல்லை. ஐந்து நாளைக்கு முன்னால், மூடியில் ரிப்பன் கட்டி, சம்பந்தியம்மாவிடம் கொடுத்திருந்தேன்.

மகளும் மாப்பிள்ளையும் வேலைக்காக வேறு ஊருக்குப் போய்விட்டார்கள். இந்த ஊரில் மிச்சம் நாங்கள் இருவர், மூன்று பஸ் நிறுத்தம் தள்ளி அவர்கள் இருவர். நடுவில் பிள்ளைகள் இல்லாததால் எங்கள் மரியாதைப் போட்டிக்கு நடுவரும் இல்லை. அந்த அம்மா எதைக் கொடுத்தாலும் நான் ஒரு படி மேலே கொடுப்பேன். இந்தத் தடவை எமனையே பாட்டிலில் போட்டுக் கொடுத்துவிட்டேன் போலிருக்கிறது.

கடை வாசலிலேயே போன் போட்டேன். "அந்தப் பூண்டு... இன்னும் திறக்கலையே?"

"என்ன இப்படிக் கேட்டுட்டீங்க! பாதி பாட்டில் காலி சம்பந்தியம்மா. இவர் விரலை நக்கிட்டு உக்காந்திருக்காரு."

பேச்சு குழறுகிறதா என்று கவனித்தேன். அந்த அம்மா எப்போதுமே கொஞ்சம் இழுத்துத்தான் பேசுவார். எவ்வளவு இழுப்பார் என்று நான் என்றைக்கு அளந்து வைத்தேன்?

பஸ்ஸில் மூன்று நிறுத்தமும் நின்றுகொண்டே போனேன். உட்கார இடம் இருந்தது. கதவைத் திறந்தவரின் இமைகளைத்தான் முதலில் பார்த்தேன். சமமாக இருந்தன. உள்ளே சாய்வு நாற்காலியில் இருந்த சம்பந்தி என்னைக் கண்டதும் கண்ணை மூடிக்கொண்டார். அது நோயா, வெறுப்பா என்று சொல்ல முடியவில்லை.

உண்மையைச் சொல்லத்தான் போனேன். ஆனால் அந்த அம்மா நாற்காலியைத் துடைத்துப் போட்ட தோரணையைப் பார்த்ததும் வாய் வேறு வழியில் போய்விட்டது.

"மூடியில சின்னக் குறை. பாட்டிலைக் கொடுங்க, மாத்திக் கொண்டாறேன்."

"மூடி கச்சிதமா இருக்கே."

"எண்ணெய் மட்டம் கொஞ்சம் கம்மி, மேல ஊத்தணும்."

"எங்க வீட்டுல எண்ணெய் இல்லாமலா இருக்கோம்?"

"அதைக் கொடுங்க, அதைவிடப் பெரிய பாட்டிலா ரெண்டு தர்றேன்."

சொன்னதுமே நாக்கைக் கடித்துக்கொண்டேன். ஒன்றுக்கு இரண்டு தருகிறேன் என்று எவள் சொல்வாள்? அந்த அம்மாவின் கண் கூர்மையாகிவிட்டது. "என்ன சம்பந்தியம்மா, மோதிரம் கீதிரம் உள்ள விழுந்துடுச்சா?" பாட்டில் இப்போது அவருக்கும் வேண்டும். நான் எவ்வளவு கேட்கிறேனோ அவ்வளவுக்கு அது விலை ஏறும். அப்பாவின் கடையில் நூறு தடவை பார்த்த கூத்து. அதை நிறுத்த ஒரே ஒரு வார்த்தைதான் உண்டு. எங்கள் குடும்பத்தில் யாரும் அதை வாயால் சொன்னதில்லை.

"என் சரக்கு சரியில்லை" என்றேன்.

எல்லாவற்றையும் கொட்டினேன். கிருமி, இமை, மூச்சு, ஒன்றையும் மறைக்கவில்லை. அந்த அம்மா சுவரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார்.

"நாங்க அதைத் தொடவே இல்லை."

"பாதி காலின்னு சொன்னீங்களே!"

"மரியாதைக்குச் சொன்னேன். எங்க ரெண்டு பேருக்கும் பூண்டு வாசனையே ஆகாது. உங்க மூஞ்சிக்கு நேரா எப்படிச் சொல்றது?"

"அப்ப ரெண்டு வருஷமா நான் கொடுத்ததெல்லாம்?"

"வேற ஆளுக்குப் போயிடும்."

"யானைப் பூண்டுமா?"

"அதுவும்தான்."

வேறு ஒரு நாளாக இருந்தால் இதற்கே ஒரு மாதம் பேசாமல் இருந்திருப்பேன். "பாட்டில் இப்ப எங்க இருக்கு?" என்றேன்.

"தெருமுனையில வாட்ச் ரிப்பேர்காரர் இருக்காரே, தனி ஆளு. பாவம்னு அவருக்குத்தான்... அன்னிக்கே கொடுத்துட்டேன்."

அந்த அம்மாவுக்கு முழங்கால் வலி. அன்றைக்கு எனக்கு முன்னால் ஓடினார்.

கடை ஒரு அலமாரி அகலம்தான். நாலு பக்கமும் கடிகாரங்கள், ஆளுக்கு ஒரு நேரம் சொல்லிக்கொண்டு. நடுவில் அவர் குனிந்திருந்தார். நாங்கள் மூச்சிரைத்து நின்றதும் நிமிர்ந்தார். இடது இமை பாதிக்கு மூடித் தொங்கியது. ஏதோ சொன்னார், "ழ்ழுழ்ழு" என்றுதான் கேட்டது.

சம்பந்தியம்மா என் கையை நகம் பதியப் பிடித்தார். "போச்சு!" என்று நான் கத்திய கத்தலில் எதிர்க்கடையில் எட்டிப் பார்த்தார்கள்.

அவர் வாயிலிருந்து ஒரு சின்னத் திருப்புளியை எடுத்தார். "என்னம்மா போச்சு? உள்ள வாங்கன்னுதானே சொன்னேன்."

"கண்ணு! உங்க கண்ணு!"

"நாப்பது வருஷமா ஒரு கண்ணுல லென்ஸை இடுக்கிட்டு வேலை பாக்கறேன். இமை வேற எப்படி இருக்கும்?"

அவருக்கு எதிரில் உட்கார்ந்துதான் எங்களுக்கு மூச்சு வந்தது. வந்த மூச்சும் நிற்கவில்லை. அலமாரியில், இயந்திர எண்ணெய் டப்பாக்களுக்குப் பக்கத்தில், அந்தப் பாட்டில். ரிப்பனைக்கூட அவிழ்க்காமல் மூடியை மட்டும் திருகியிருக்கிறார். உள்ளே கால் பங்குதான் மிச்சம்.

"அருமையான பூண்டும்மா. தினம் காலையில மூணு பல்லை நசுக்கி ரொட்டியில தடவிப்பேன். அடுப்பு மூட்டற வேலையே இல்லை."

"இன்னிக்கும் சாப்பிட்டீங்களா?"

"இன்னிக்கு நாலு."

அவரிடம் விஷயத்தைச் சொன்னது நான்தான். கேட்டவர் பாட்டிலைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். திட்டவில்லை. திருப்புளியைத் துடைத்து அதன் இடத்தில் வைத்தார். கடைப் பூட்டைத் தேடி எடுத்தார்.

ஆஸ்பத்திரியில் டாக்டர் சின்ன வயசுப் பெண். கண்ணில் டார்ச் அடித்தார், மேலே பார், கீழே பார் என்றார், நாக்கை நீட்டச் சொன்னார், கையை இறுக்கிப் பிடிக்கச் சொன்னார். தொங்கும் இமையைப் பற்றி நாங்கள் மூவரும் ஒரே நேரத்தில் விளக்கினோம்.

"இப்போ ஒண்ணும் தெரியல. இப்படி வச்ச எல்லா பாட்டில்லயும் விஷம் இருக்கும்னு இல்ல. ஆனா இருந்தா உயிருக்கே ஆபத்து. சில மணி நேரத்துலயும் ஆரம்பிக்கும், பத்து நாள் கழிச்சும் ஆரம்பிக்கும். மருந்து இருக்கு, சீக்கிரம் வந்தாதான் பலன். கூட ஆள் இருக்காங்களா?"

"இல்லை" என்றார் அவர்.

"இருக்கோம்" என்றோம் நாங்கள்.

பாட்டிலை உறையில் கட்டி டாக்டர் வாங்கி வைத்துக்கொண்டார். வாட்ச்காரரைப் பத்து நாள் பார்த்துக்கொள்கிற வேலையை இரண்டாகப் பிரித்தோம். காலை எனக்கு, மாலை சம்பந்தியம்மாவுக்கு. என் வீட்டுக்காரரும் அந்தச் சம்பந்தியும் மாற்றி மாற்றி அவர் அறையில் படுத்துக்கொண்டார்கள். கடைக்கு வந்தவர்கள் எங்களைப் புது முதலாளிகள் என்று நினைத்திருப்பார்கள். வாட்ச் கொடுக்க வந்தவரை நிறுத்திவிட்டு, "மேல பாருங்க... கீழ பாருங்க... தண்ணி குடிங்க" என்று வாட்ச்காரரைப் படுத்துவோம். குரல் குழறுகிறதா என்று பார்க்க, மணிக்கு ஒரு தரம் "ஓடுற நரியில ஒரு நரி கிழநரி" சொல்லச் சொல்வோம். முதல் நாள் வெட்கப்பட்டுக்கொண்டு சொன்னார். மூன்றாம் நாளிலிருந்து என்னையே பார்த்துக்கொண்டு சொன்னார்.

என் உடம்பில் ஓடியதெல்லாம் பயம்தான். அவர் கண்ணைக் கசக்கினால் நான் டார்ச்சைத் தேடுவேன். தும்மினால் நான் எழுந்து நிற்பேன். வீட்டில் மாடிப்படிக்கு அடியில் தொங்கும் சடைகளின் பக்கமே போகவில்லை. நடவுக் காலம் வந்து நாலு பாத்தியும் காய்ந்து கிடந்தன. விதைக்கடைக்காரர் தினமும் போன் செய்து, "அக்கா, ஆளு எப்படி?" என்பார். விலை பற்றி அவரும் பேசவில்லை, நானும் பேசவில்லை.

ஆறாம் நாள் மாலை, நான் முறை முடிந்து கிளம்புகிற நேரம். சம்பந்தியம்மா வந்து என் பக்கத்தில் நின்றார். வாட்ச்காரர் எங்களை உற்றுப் பார்த்துவிட்டு மெதுவாகச் சொன்னார்:

"ரெண்டு ரெண்டா தெரியுதே."

நான் போனில் டாக்டர் நம்பரைத் தேடினேன். சம்பந்தியம்மா செருப்பைக்கூடப் போடாமல் வண்டி பிடிக்கத் தெருவில் இறங்கினார்.

"அட, உங்க ரெண்டு பேரையும்தான் சொன்னேன்! ஒருத்தரே போதும்னு..."

சம்பந்தியம்மா திரும்பி வந்தார். முக்காலியில் உட்கார்ந்து, முந்தானையை வாயில் அழுத்திக்கொண்டு அழுதார். தலைமுடிகூடக் கலைய விடாத அந்த அம்மா அப்படி அழுது நான் பார்த்ததில்லை. "கொடுத்தது என் கையால" என்றார். "செஞ்சது என் கையால" என்றேன். வாட்ச்காரர் லென்ஸைக் கழற்றி வைத்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டார். பிறகு, யாரும் கேட்காமலே, "ஓடுற நரியில ஒரு நரி கிழநரி" என்று தெளிவாக, பிள்ளைகள் பாடம் ஒப்பிப்பதுபோல், மூன்று தரம் சொன்னார்.

பத்தாம் நாள் டாக்டர் கடைசியாகப் பார்த்தார். டார்ச் அணைந்தது. ஒரு டம்ளர் தண்ணீரைக் கொடுத்துக் குடிக்கச் சொன்னார். அவர் தொண்டை ஏறி இறங்கியது. எங்கள் தொண்டைகளும் கூடவே ஏறி இறங்கின.

"அவ்வளவுதான். வீட்டுக்குப் போகலாம். நீங்களும்தான்" என்றார் டாக்டர் எங்களைப் பார்த்து.

பதினொன்றாம் நாள் காலை எனக்கு அந்தப் பக்கம் ஒரு வேலையும் இல்லை. கையில் கட்டியிருந்த வாட்சைக் கழற்றிக் கைக்குட்டையில் முடிந்துகொண்டு மூன்று நிறுத்தம் போனேன். கடை வாசலில் சம்பந்தியம்மா நின்றிருந்தார், அலாரம் கடிகாரம் ஒன்றை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு. இருவரும் ஒருவரை ஒருவர் பார்க்காததுபோல் இரண்டையும் மேஜைமேல் வைத்தோம்.

அவர் லென்ஸை இடுக்கிக்கொண்டு முதலில் என்னுடையதைத் திறந்தார், பிறகு அலாரம் கடிகாரத்தை.

"ரெண்டும் ஜோரா ஓடுதேம்மா."

"இன்னொரு தரம் நல்லா பாருங்க" என்றார் சம்பந்தியம்மா, அவர் முகத்தைவிட்டுக் கண்ணை எடுக்காமல்.

நான் முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன்.