நூலில் தொங்கிய மணி

மதுஜா சுவிஸ் நகரமான ஓல்டனில் பிறந்து வளர்ந்த தமிழ்ப் பெண். விண்வெளி ஆய்வு நிறுவனம் ஒன்றின் சார்பில் பள்ளிக்கூடம் பள்ளிக்கூடமாகப் போய், பிள்ளைகளுக்கு ராக்கெட்டையும் செய்மதியையும் பற்றி ஆசை வரும்படி சொல்வதுதான் அவள் வேலை. 2018இல் அந்த நிறுவனம் ஒரு போட்டி வைத்தது. பிள்ளைகள் தாங்களே யோசித்த பரிசோதனை ஒன்றைச் சின்னப் பெட்டிக்குள் செய்து அனுப்பவேண்டும். தெரிவாகும் பெட்டியைப் பெரிய பலூனில் கட்டி, காற்று மெலிந்துபோகும் உயரத்துக்கு விடுவார்கள்.

கடைசிச் சுற்றுக்கு வந்தவற்றில் ஒன்று, லாங்கன்தாலில் ஆறாம் வகுப்புப் படிக்கும் லக்சனா இராஜேந்திரனுடையது. மேலே போகப் போகச் சத்தமும் குறையுமா என்பது அவள் கேள்வி. ஒரு சின்ன மின்மணியையும் ஒலிப்பதிவுக் கருவியையும் சுவரில் படாமல் தனித்தனி நூலில் தொங்கவிட்டிருந்தாள். சுவர் வழியாகச் சத்தம் போய்விட்டால் பரிசோதனையே கெட்டுவிடும் என்று அந்தச் சின்னப்பிள்ளை யோசித்திருக்கிறாள். மதுஜா அதை இரண்டு தரம் திறந்து பார்த்தாள். அவ்வளவு பிடித்துப்போனது.

"உன் சொந்தக்காரப் பிள்ளையா?" தெரிவுக்குழுவில் கூட இருந்த ரெகுலா, பெயரைப் பார்த்துவிட்டு ஜெர்மன் மொழியில் சிரித்தபடி கேட்டாள்.

கள்ளமில்லாத கேள்விதான். ஆனால் மதுஜாவின் காது சூடாகிவிட்டது. தன்னுடைய ஆளைத் தூக்கிவிட்டாள் என்று நாளைக்கு யாரும் சொல்லிவிட்டால்?

"இல்லை. பலூன் ஆடுகிற ஆட்டத்தில் இது சரிவராது" என்றாள். மார்ஷ்மெல்லோ மிட்டாய் மேலே போய் எவ்வளவு உப்பும் என்று பார்க்கிற வேறொரு பெட்டி தெரிவானது.

பரிசளிப்பு நாளில் லக்சனா தேடி வந்தாள்.

"அக்கா, என்ரை பெட்டியில என்ன பிழை?"

அப்போதாவது உண்மையைச் சொல்லியிருக்கலாம். வாயில் வந்தது வேறு. "நூல் ஆடும். ரெண்டையும் சுவரில இறுக்கி ஒட்டியிருந்தா நல்லாயிருந்திருக்கும்."

"ஓம் அக்கா, ஒட்டிவிடுறன்" என்று, அக்கா சொன்னதை அப்படியே நம்பி, முகம் மலர்ந்து ஓடினாள் பிள்ளை.

அடுத்த வசந்தத்தில் மதுஜா லக்சனாவின் வகுப்புக்கே பாடம் எடுக்கப் போனாள். ஆசிரியை லக்சனாவின் பெட்டியைக் கண்ணாடிக் கூண்டுக்குள் வைத்து, பம்பினால் காற்றை உறிஞ்சினார். பிறகு பதிவைப் போட்டுக் கேட்டார்கள். தொடக்கம் முதல் முடிவு வரை மணி ஒரே அளவாய் அலறியது. ஒட்டிய சுவர் வழியே சத்தம் அப்படியே கடந்திருந்தது. பின்வரிசையில் சிரிப்புக் கிளம்பியது. லக்சனா மட்டும் சிரிக்கவில்லை. இதற்கு அக்காவிடம் ஒரு விளக்கம் இருக்கும் என்று நம்பி மதுஜாவையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அந்தப் பார்வையை மதுஜாவால் தாங்க முடியவில்லை. "பிழை இவளுடையது இல்லை, என்னுடையது. ஒட்டச் சொன்னது நான். முதலில் இவள் செய்திருந்ததுதான் சரி" என்று வகுப்பின் முன்னால் ஜெர்மனில் சொன்னாள். சிரிப்பு அடங்கியது.

இடைவேளையில் லக்சனா கிட்ட வந்தாள்.

"உங்களுக்கு அப்பவே தெரியுமோ?"

"ஓம். தெரியும்."

"அப்ப ஏன் அப்பிடிச் சொன்னீங்கள்?"

"நீர் தமிழ்ப் பிள்ளை. உமக்கு நான் உதவி செய்திட்டன் எண்டு மற்றாக்கள் நினைப்பினமோ எண்டு பயந்திட்டன்."

"அறிவித்தலில உங்கட தமிழ்ப் பேரைப் பார்த்துத்தான் நான் போட்டிக்கே குடுத்தனான்" என்றாள் லக்சனா. பிறகு பெட்டியைத் திறந்து, காய்ந்த பசையை நகத்தால் சுரண்டத் தொடங்கினாள். மதுஜா உதவிக்குக் கை நீட்டினாள்.

"வேண்டாம் அக்கா. நானே செய்யிறன்."

மறுநாள் மதுஜா எல்லாவற்றையும் ரெகுலாவிடம் சொன்னாள். ரெகுலா திகைத்துப்போனாள். "எனக்கு அந்தப் பெட்டிதான் பிடித்திருந்தது. நீ வேண்டாம் என்றாய், உனக்குத்தான் விசயம் தெரியும் என்று விட்டுவிட்டேன்." மதுஜா தெரிவுக்குழுவிலிருந்து விலகிக்கொண்டாள்.

அந்த வருடப் போட்டியில், மறுபடியும் நூலில் தொங்கவிட்ட லக்சனாவின் பெட்டி தெரிவாகிப் பறந்தது. பதிவை மண்டபத்தில் போட்டபோது மணிச்சத்தம் மெல்ல மெல்லத் தேய்ந்து, கடைசியில் இருக்கிறதா இல்லையா என்று காதைத் தீட்டிக் கேட்கவேண்டியிருந்தது. எல்லோரும் எழுந்து கைதட்டினார்கள். மதுஜாவும் பின்வரிசையில் நின்று தட்டினாள். வெளியே போகும்போது லக்சனா அவளைக் கண்டு நின்றாள்.

"வணக்கம்" என்றாள், மரியாதையாக, முன்பின் தெரியாத ஒருவரிடம் சொல்வதுபோல. அக்கா என்று சொல்லவில்லை.