மணப்பாட்டில் பத்து நிமிடம்

தேனியில் காய்கறி மண்டி வைத்திருக்கும் பொன்னுராஜ், மகள் ஓவியாவோடு காரில் கடலோரம் போகிறார் என்றதும் மண்டியில் ஒருத்தரும் நம்பவில்லை. சும்மா ஊர் பார்க்க டீசல் போடுகிற ஆளா அவர்? ஆனாலும் போனார். அதே சாலையில் முன்பு மகளுக்குச் செய்ததை எப்படியாவது சரிக்கட்டிவிட வேண்டும் என்ற தவிப்பு அவரைத் தூங்கவிடவில்லை.

முன்பு போனது ஓவியாவின் கல்யாணப் பத்திரிகை அச்சாகி வந்த கையோடு. முதல் பத்திரிகை குலதெய்வத்துக்கு. குலதெய்வமோ உவரிக் கடற்கரையில். பெரியப்பா, சித்தப்பா, அத்தைகள் என்று வேன் நிறைய ஆட்கள். திருச்செந்தூர் முருகனுக்கே ஓடுகிற வேனிலிருந்து ஒரு கும்பிடு போட்டதோடு சரி. அதற்கப்புறம் ஒரு பக்கம் கடல், மறுபக்கம் தேரி எனும் செம்மணல் மேடுகள். குலசேகரன்பட்டினத்தில் கொஞ்சம் நிறுத்தச் சொன்னாள் ஓவியா. பத்திரிகையைச் சாமி காலடியில் வைக்காமல் வேடிக்கை பார்க்க இறங்கக் கூடாது என்றுவிட்டார் பொன்னுராஜ். மணப்பாட்டில், கடலுக்குள் நீட்டிக்கொண்டிருந்த மணல் குன்றைக் காட்டி மறுபடி கேட்டாள். திரும்பி வரும்போது பார்க்கலாம் என்றார்.

திரும்பி வரும்போது வேறு சட்டம் வந்துவிட்டது. குலதெய்வத்தைக் கும்பிட்டவர்கள் நேரே வீட்டுக்குத்தான் போக வேண்டுமாம். போகையில் ஒன்று, வருகையில் ஒன்று. இரண்டுமே அவர் வாயிலிருந்து வந்தவைதான். மணப்பாடு நெருங்கியபோது ஓவியா முன் சீட்டுக்கு எழுந்து வந்து குனிந்தாள்.

"பத்து நிமிசம்ப்பா. உங்ககிட்டத் தனியா ஒண்ணு பேசணும்."

"எதுனாலும் வீட்டுல போய்ப் பேசுவம் ஆத்தா."

வீட்டுக்கு வந்ததும் பத்திரிகை வைக்கிற அலைச்சல். அவள் சொல்லவில்லை, இந்த மனுஷனும் கேட்கவில்லை. கல்யாணம் ஜாம் ஜாமென்று நடந்தது. வருஷம் திரும்புவதற்குள் ஓவியா பெட்டியோடு வந்து நின்றாள். அவள் முதுகில் கிடந்த தழும்புகளைப் பார்த்துவிட்டுத் தாய் பாண்டியம்மாள் கணவனோடு பேசுவதையே நிறுத்திவிட்டாள். அன்றிலிருந்து அந்தப் பத்து நிமிடம் பொன்னுராஜை அரித்துக்கொண்டே இருந்தது.

இந்த முறை கண்ட இடத்திலெல்லாம் காரை நிறுத்தினார். குலசேகரன்பட்டினத்தில் நிறுத்தினார். ஓவியா இறங்கவில்லை. நீங்க பாத்துட்டு வாங்கப்பா என்று சொல்லிவிட்டுச் சீட்டில் சாய்ந்துகொண்டாள். அவர் மட்டும் வேட்டியை மடித்துக் கட்டி, பார்க்கத் தெரியாமல் கடலைப் பார்த்துவிட்டு வந்தார். வழியில் பதநீர் வாங்கிக் கொடுத்தார்; ஒரு வாய் குடித்துவிட்டு வைத்துவிட்டாள்.

மணப்பாட்டில் குன்றுக்குக் கீழே வண்டியை நிறுத்தி, கதவையும் அவரே திறந்துவிட்டார். அவள் அசையவில்லை. திரும்ப வந்து தன் இடத்தில் உட்கார்ந்துகொண்டார். கேட்கவே அவருக்கு வெட்கமாக இருந்தது.

"அன்னைக்கு என்ன சொல்லணும்னு நெனச்ச?"

ஓவியா கண்ணாடிக்கு வெளியே பார்த்தபடி பேசினாள்.

"அவரு போன்ல என்னைய ரொம்பக் கேவலமாப் பேசுனாருப்பா. கல்யாணத்துக்கு முன்னாடியே."

"வீட்டுல வந்து ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல?" வாய் முந்திக்கொண்டது. சொன்ன பிறகு நாக்கைக் கடித்துக்கொண்டார்.

"வீட்டுல அத்தனை பேரு இருந்தாக. வெளிய வச்சுத் தனியாச் சொன்னா, நீங்க கல்யாணத்த நிறுத்திருவீகன்னு நெனச்சேன்."

அவள் குரலில் கோபமில்லை. அதுதான் அவருக்குத் தாங்கவில்லை. கண்டிப்பா நிறுத்தியிருப்பேன் ஆத்தா என்று சொல்ல வாயெடுத்தார். சொல்லியிருந்தால் அவளுக்குக் கொஞ்சம் ஆறுதலாகக்கூட இருந்திருக்கும். ஆனால் பத்திரிகை சாமி காலடிக்குப் போய்விட்ட பிறகு, அவள் காலில் விழுந்து அழுதிருந்தாலும் நிறுத்தியிருக்க மாட்டார் என்பது அவருக்குத் தெரியும்.

ஓவியா முதல் முறையாகத் திரும்பி அவர் முகத்தைப் பார்த்தாள். பொன்னுராஜ் சாவியைத் திருகி வண்டியைக் கிளப்பினார்.