ஹஃப்ஸ்டெட்லர் பனிக்கூடத்தில் ஜிகினா மழை

மனித குலத்துக்கு ஓர் அறிவிப்பு. ஒஹையோ மாநிலம், கால்டர் ரிட்ஜ் பல்கலைக்கழகத்தின் பனித்தளம் இனிமேல் வெறும் பனித்தளம் அல்ல. அது ‘ஹஃப்ஸ்டெட்லர் பனி மேன்மை மையம்’. இந்தப் பெயர்மாற்றத்தால் எங்கள் வட்டாரத்தின் வரலாறு இரண்டாகப் பிரிகிறது என்றும், இதற்கு முன்னால் நடந்ததெல்லாம் ஒத்திகைதான் என்றும் பல்கலைக்கழகத் தலைவர் டாக்டர் விட்ஃபீல்ட் க்ராண்டல் எல்லோருக்கும் மின்னஞ்சல் அனுப்பியிருந்தார்.

ரிட்ஜ் என்றால் மேடு. கண்ணுக்கு எட்டிய வரை இங்கே மேடு கிடையாது, சோளக்காடுதான். ஆகவே மேன்மை என்று பெயர் வைத்ததற்காக யாரும் ஆச்சரியப்படவில்லை.

மேன்மை எந்த வழியாக உள்ளே வந்தது என்பதை மட்டும் தலைவர் எழுத மறந்துவிட்டார். பெண்கள் உடை மாற்றும் அறையை இடித்து, அந்த இடத்தில் கண்ணாடி அறை ஒன்று கட்டினார்கள். உள்ளே தோல் நாற்காலிகள், கணப்பு, பாலாடைக்கட்டித் தட்டுகள். கொடையாளர்கள் குளிராமல் மேலே உட்கார்ந்து கீழே பனியை ரசிக்கலாம். பனிக்கு அடியில் ஓடும் குழாய்கள் அதே பழைய குழாய்கள். வடகிழக்கு மூலை அதே பழைய சகதி. கைகோத்து ஒன்றாகப் பனியில் சறுக்கும் கூட்டு ஸ்கேட்டிங் அணிப் பெண்களில் இப்போது பாய்லர் அறைக்குப் போகும் நடையில், ஒருத்தி போர்வையைப் பிடித்துக்கொள்ள இன்னொருத்தி உடை மாற்றுகிறாள்.

அந்த அணிக்கு நான் ஆசிரியப் பொறுப்பாளர். பாடம் நடத்துவது புள்ளியியல். பனியில் செய்வது, தடுப்புச் சுவருக்கு வெளியே நின்று பிளேடு உறைகளைப் பிடித்துக்கொள்வது.

அணியில் பதினாறு பேர். மாற்று ஆட்களாக இருந்த இருவரில் ஒருத்திக்கு முழங்கால் போயிற்று, இன்னொருத்திக்குக் காய்ச்சல். தேசியப் போட்டிக்கு இரண்டு வாரம் இருந்தது. பதினாறு பேருக்காக அமைத்த ஆட்டத்தைப் பதினைந்து பேர் ஆடினால் பல் போன சீப்பு மாதிரி இருக்கும். வட்டம் வட்டமாக இருக்காது, வரிசையில் ஓட்டை விழும். அதனால் கேப்டன் ப்ரென்னா குசாக்குக்கு வாழ்க்கையில் ஒரே ஒரு கவலைதான்: பதினாறு பேரையும் முழுசாகக் கொண்டுபோய்ப் போட்டிப் பனியில் நிறுத்த வேண்டும். நர்சிங் கடைசி வருடம் படிக்கிறாள். போன வருடமும் தகுதி பெற்றார்கள். பயிற்சியில் பனியில் கிடந்த ஒரு கொண்டை ஊசி டெஸ் வாய்சிக்கின் பிளேடுக்கு அடியில் போனது. டெஸ்ஸின் முழங்கை முறிந்தது. அணி போகவில்லை. அப்போது வரிசையில் டெஸ்ஸின் கையைப் பிடித்துக்கொண்டு ஓடியவள் ப்ரென்னா.

அதிலிருந்து ப்ரென்னா ஒரு சடங்கு வைத்திருக்கிறாள். பனியில் இறங்குமுன் எல்லோரும் வட்டமாக நின்று, ஒவ்வொருத்தியும் இடப்பக்கம் நிற்பவளின் உடையைப் பிடித்து இழுக்க வேண்டும். சமிக்கி, கல், முடி, நூல், எது கையோடு வருகிறதோ அது பனிக்குப் போகக் கூடாது. மீறி ஏதாவது விழுந்தால், யாருடையது என்று கேட்கக் கூடாது. முதலில் பார்த்த கண்ணுக்குச் சொந்தமான கை அதை எடுக்க வேண்டும்.

மையத்தின் திறப்பு விழாவில் ஆடச் சொல்லி இந்தப் பெண்களைத்தான் க்ராண்டல் தன் அலுவலகத்துக்கு அழைத்தார். அணியின் சார்பில் ப்ரென்னாவும் கோச் டோரீன் பலாஸ்கியும் நானும் போனோம். தலைவரின் பக்கத்தில் ட்ரெவர் கைம்ஸ் இருந்தார். அவர் ‘ஈடுபாட்டுக்கான துணைத்தலைவர்’. எதில் ஈடுபாடு என்று இதுவரை நான் கேட்டதில்லை, அவரும் சொன்னதில்லை.

“எட்டு பீரங்கி!” என்றார் ட்ரெவர். “ஊதாவும் பொன்னும் ஜிகினா. நம்ம கலர். நீங்க ரெண்டு வரிசையா எதிரெதிரா ஓடி வருவீங்களே, அந்த நேரத்துல டமால்!”

“அந்த நேரத்துலயா?” என்றாள் ப்ரென்னா.

“அதுதானே செம சீன்!”

“சார், அந்த நேரத்துல நாங்க திரும்பிப் பின்பக்கமா போய்க்கிட்டிருப்போம். எட்டுப் பேர் இடுக்குல எட்டுப் பேர். எங்க கண்ணு முதுகுலயா இருக்கு? பிளேடுக்கு அடியில ஒரு துண்டு மாட்டினா போதும், கால் வழுக்கிடும். ஒருத்தி விழுந்தா, பின்னால வர்றவ பிளேடு அவ கை மேல ஏறும்.”

“இது மக்குற ஜிகினாம்மா. இயற்கைக்கு ஒரு கெடுதலும் கிடையாது. மண்ணுல போட்டா ஒரே மாசத்துல காணாம போயிடும்.”

“நாங்க மண்ணுல ஆடலையே, சார்.”

க்ராண்டல் விரல் நுனிகளைக் கோத்துக்கொண்டார். அவர் அப்படிக் கோத்தால் தத்துவம் வரப்போகிறது என்று அர்த்தம். “ப்ரென்னா, தலைமைப் பண்புன்னா என்ன? துணிஞ்சு இறங்குறது.”

“இறங்குறது யாரு, துணியறது யாரு?” என்றார் டோரீன். சிகரெட்டை விட்டதிலிருந்து அவர் வாயில் எப்போதும் சூயிங்கம். கோபம் வந்தால் மெல்லுவது நின்றுவிடும். நின்றிருந்தது.

தலைவர் புன்னகைத்தார். “ஹாக்கி கோச் பனித்தளத்துல உங்க காலைப் பயிற்சி நேரத்தைக் கேட்டுக்கிட்டே இருக்கார், டோரீன். நான்தான் உங்களுக்காகப் பிடிச்சு வச்சிருக்கேன். நாம எல்லாம் ஒரு குடும்பம் இல்லையா?”

இப்படிக் கழுத்தைப் பிடிப்பதற்கு எங்கள் பல்கலைக்கழகத்தில் குடும்பம் என்று பெயர்.

கடைசியில் ஒரு சமரசம் வந்தது. ஆட்டம் முடிந்து, இறுதி நிலையில் எல்லோரும் அசையாமல் நின்ற பிறகுதான் பீரங்கி. ட்ரெவர் ப்ரென்னாவின் கையைப் பிடித்துக் குலுக்கி, “என் வார்த்தை!” என்றார். வெளியே வந்ததும் ப்ரென்னா அந்தக் கையைக் கால்சட்டையில் துடைத்துக்கொண்டாள்.

திறப்பு விழா சனிக்கிழமை பிற்பகல். பாய்லர் நடையில் சடங்கு நடந்தது. கெல்சி ஆர்ன்ட் என்ற பெண்ணின் தோளிலிருந்து ஒரு சமிக்கி கையோடு வந்தது.

“ஒண்ணுதானேடி,” என்றாள் கெல்சி.

“ஒண்ணு வந்தா அந்த வரிசையே வரும். கத்தரிக்கோல் குடு.”

“எங்க அம்மா தைச்சதுடி!”

“அம்மாவுக்கு என் சார்பா ஸாரி சொல்லு. முழங்கை உன்னோடதுதானே, வேணுமா வேண்டாமா?”

வரிசையே கத்தரிக்கப்பட்டது. மூக்கை உறிஞ்சிக்கொண்டே கெல்சி பக்கத்துப் பெண்ணின் உடையைப் பிடித்து இழுத்தாள்.

பிறகு அவர்கள் பனியில் போய் நின்றார்கள். க்ராண்டல் பேச ஆரம்பித்தார். மெல்லிய உடையில் பதினாறு பெண்கள் கைகோத்து நடுங்க, அவர் கணப்புக்குப் பக்கத்தில் ஒலிபெருக்கியைப் பிடித்துக்கொண்டு பனியின் தூய்மை, விடாமுயற்சியின் வெப்பம், ஹஃப்ஸ்டெட்லரின் தொலைநோக்கு ஆகியவற்றை வரிசையாக வியந்தார். மையத்துக்குப் பணம் கொடுத்த லைல் ஹஃப்ஸ்டெட்லர் மெத்தை வியாபாரி. உள்ளூர் தொலைக்காட்சியில் பைஜாமா போட்டுக்கொண்டு தன் மெத்தையிலேயே படுத்துக் குறட்டைவிடுகிறவர். அவர் மடியில் ஊதா நிறப் பெட்டி ஒன்று. அதில் ஒரு பொத்தான். குழந்தை கையில் மிட்டாய் மாதிரி அதைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

கண்ணாடி அறையின் கதவு திறந்திருந்தது. அதற்கு நேர்கீழே டோரீனும் நானும் நின்றோம். இசை ஆரம்பித்து ஆட்டம் பாதியை நெருங்கும்போது மேலே பேச்சு கேட்டது. முன்னாள் மாணவர் இதழின் புகைப்படக்காரர் குறைபட்டுக்கொண்டிருந்தார்.

“கடைசியில எல்லாரும் சிலை மாதிரி நிப்பாங்க, டாக்டர். படம் செத்துடும். ஓடுறப்ப கொட்டினாத்தான் உயிரு.”

க்ராண்டல் யோசித்தார். டை சரிசெய்ய எவ்வளவு நேரம் ஆகுமோ அவ்வளவு நேரம்.

“லைல், நான் தோளைத் தட்டுறப்ப அழுத்துங்க.”

“முடிஞ்சப்புறம்னு அந்தத் தம்பி சொன்னாரே?”

“ட்ரெவர் சொல்லுவார். நான் முடிவெடுப்பேன்.”

நான் டோரீனிடம் திரும்பினேன். அவர் ஏற்கெனவே தடுப்புச் சுவரின் மேல் பாதி ஏறியிருந்தார். மேலே கை தோளைத் தட்டிய சத்தம் கேட்கவில்லை. பீரங்கி கேட்டது.

எட்டும் ஒன்றாக வெடித்தன. ஊதாவும் பொன்னுமாகக் கூரை இறங்கி வந்த மாதிரி இருந்தது. கீழே இரண்டு வரிசைகள், எட்டுக்கு எட்டு, கைகோத்து ஒன்றை நோக்கி ஒன்று பாய்ந்துகொண்டிருந்தன. திரும்ப இன்னும் ஒரு நொடி.

இந்தப் பெண்களுக்கு நிற்கத் தெரியாது. தெரியக் கூடாது. நடுவர் விசில் ஊதும் வரை எது நடந்தாலும் ஓடு என்றுதான் டோரீன் பழக்கியிருக்கிறார். “கையை விட்டா கொன்னுடுவேன். விழுந்தாலும் பிடிச்சுக்கிட்டே விழு.” இதுதான் அவர்களுடைய வேதம். ஒருத்தி மட்டும் நின்றால் மற்றவர்கள் அவளை இழுத்துத் தரையில் அடிப்பார்கள்.

“நில்லுங்கடி!”

ப்ரென்னாவின் குரல் இசையைக் கிழித்துக்கொண்டு வந்தது. பதினாறு பேரும் ஒரே சமயத்தில் பிளேடைத் திருப்பினார்கள். பனித்தூள் இடுப்பு உயரத்துக்குச் சீறியது. இரண்டு வரிசைகளும் மூக்குக்கு மூக்கு, ஒரு கை நீள இடைவெளியில் நின்றன. ஒரு கைகூட விடுபடவில்லை. மேலேயிருந்து ஜிகினா அவர்கள் தலையிலும் இமையிலும் தோளிலும் இறங்கியது. இசை மட்டும் யாருக்கோ ஓடிக்கொண்டிருந்தது.

பிறகு கைதட்டல் எழுந்தது.

எழுந்து நின்று தட்டினார்கள். ட்ரெவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு, “என்ன டைமிங்! என்ன டைமிங்!” என்றார். என் பின்னால் இருந்த அம்மாள் தன் கணவரிடம், “இதெல்லாம் இப்ப புது பாணிங்க, உங்களுக்குப் புரியாது,” என்றார்.

டோரீன் தடுப்புச் சுவரின் மேல் கால் போட்டபடியே உட்கார்ந்திருந்தார். அவர் அப்போது சொன்னதை அச்சிட முடியாது. இரண்டு தடவை சொன்னார்.

ப்ரென்னா கையை விட்டாள். மண்டியிட்டாள். ஜிகினாவைப் பொறுக்க ஆரம்பித்தாள். பனியில் எது விழுந்தாலும் பார்த்தவள் எடுக்க வேண்டும். பதினாறு பேரும் பார்த்திருந்தார்கள். பதினாறு பேரும் மண்டியிட்டார்கள். ஈரத்தில் ஒட்டிக்கொண்ட துண்டுகளை நகத்தால் சுரண்டிச் சுரண்டி எடுத்தார்கள். காலுறைகள் நனைந்து முழங்கால் சிவந்தது.

அதற்கும் கைதட்டினார்கள்.

க்ராண்டல் ஒலிபெருக்கியைப் பிடித்தார். “நண்பர்களே, இந்த மௌனம்! இந்தப் பணிவு! மண்டியிட்டு நன்றி சொல்லும் இந்த இளைய தலைமுறை! இதுதான் கால்டர் ரிட்ஜ்!”

எனக்குத் தெரிந்த புள்ளியியலின்படி, கூட்டத்தில் ஒருவராவது சந்தேகப்பட்டிருக்க வேண்டும். ஒருவர் சந்தேகப்பட்டார். லைல் ஹஃப்ஸ்டெட்லர் பெட்டியை நாற்காலியில் வைத்துவிட்டு, படிக்கட்டின் கைப்பிடியைப் பிடித்து மூச்சுவாங்க இறங்கி வந்தார். தடுப்புச் சுவருக்கு மேல் குனிந்து கைக்கு எட்டிய துண்டுகளைப் பொறுக்கினார்.

“ஏம்மா, இது ஆட்டத்துல இல்லையா?”

“இல்ல, சார்.”

“விழுந்திருப்பீங்களோ?”

“ஆமா, சார்.”

“எங்கிட்ட யாருமே சொல்லலியே,” என்றார். அந்தப் பெரிய முகம் விளம்பரத்தில் நான் பார்த்ததே இல்லாத மாதிரி சுருங்கியது. “நான் மெத்தை விக்கிறவன்மா. ஜனங்க மெத்துனு விழணும்னுதான் என் தொழிலே.”

“எடுத்துக் குடுங்க, சார். அதோ உங்க கை கிட்ட ஒண்ணு,” என்றாள் ப்ரென்னா. அவள் குரல் அன்றைக்கு இளகியது அந்த ஒரு தடவைதான்.

க்ராண்டல் புகைப்படக்காரரோடு கீழே வந்தார். பனியின் ஓரத்தில் விரித்திருந்த கம்பளத்தில் நின்று, கேமராவுக்கு வாட்டமாகத் திரும்பி, ப்ரென்னாவுக்குக் கையை நீட்டினார். அவள் எழுந்து வந்தாள். இரண்டு கையிலும் நிறைந்திருந்த ஈர ஜிகினாவை உருண்டையாகப் பிடித்து அந்தக் கைக்குள் வைத்து, அவர் விரல்களை ஒவ்வொன்றாக மடக்கி மூடினாள்.

“இதை நீங்க கீழ போட்டுட்டீங்க, டாக்டர் க்ராண்டல்.”

அவருடைய சட்டைக் கைக்குள் ஊதா நீர் இறங்கியது. புன்னகை அசையவில்லை, அதற்காகத்தானே அவரைத் தலைவராக வைத்திருக்கிறார்கள். அந்தப் படம்தான் இதழின் அட்டையில் வந்தது. தலைப்பு: ‘கேப்டனின் நினைவுப் பரிசு’.

எவ்வளவு பொறுக்கியும் மிச்சம் இருந்தது. மக்கும் ஜிகினா மக்கவில்லை; சாயம் விட்டது. பனி மழிக்கும் வண்டி மீதியைத் தின்று இருமி நின்றது. பனி முழுவதையும் உருக்கி ஊற்றிவிட்டுப் புதிதாக உறையவைக்க வேண்டியதாயிற்று. தளம் தயாரானதும், ‘அனுமதியின்றி நிகழ்ச்சியை இடைநிறுத்தியதன் பொருட்டு’ எங்கள் காலை நேரம் ஹாக்கிக்குப் போனது. போட்டி வரை எங்கள் அணி உடற்பயிற்சிக் கூடத்தின் மரத்தரையில் காலுறையோடு ஆடியது. வார இறுதியில் டொலீடோவின் பொதுத் தளத்தில், பிறந்தநாள் கொண்டாட வந்த குழந்தைகளுக்கு நடுவில் கையை விடாமல் ஓடியது.

“வழி விடு, கண்ணா.”

“நீங்க ஏன் ஒட்டிக்கிட்டே போறீங்க?”

“எங்களுக்குத் தனியாப் போகத் தெரியாதுடா.”

தேசியப் போட்டியில் பதினாறு பேரும் பனியில் இறங்கினார்கள். வட்டம் வட்டமாக இல்லை. வரிசை இரண்டு இடத்தில் வளைந்தது. ஆனால் எதிரெதிரே பாய்ந்து, திரும்பி, ஒருத்தி இடுக்கில் ஒருத்தி புகுந்து பின்பக்கமாகவே கடந்தபோது யாரும் விழவில்லை. யாரும் கையை விடவில்லை. இசை நின்றதும் ப்ரென்னா பனியைக் குனிந்து பார்த்தாள். ஒன்றும் கிடக்கவில்லை. அதற்கப்புறம்தான் அழுதாள். டோரீன் சூயிங்கத்தை விழுங்கிவிட்டார்.

மறுநாள் டாக்டர் க்ராண்டலின் அறிவிப்பு எல்லோருக்கும் வந்தது. ஹஃப்ஸ்டெட்லர் பனி மேன்மை மையம் திறந்த சில வாரங்களிலேயே அதன் பயனால் நம் அணி தேசத்தின் முதல் பத்து அணிகளுக்குள் வந்துவிட்டது என்றும், இது தம் தொலைநோக்குக்குக் கிடைத்த வெற்றி என்றும் அதில் எழுதியிருந்தது.

எங்களுக்கு ஒன்பதாம் இடம். மொத்தம் பத்து அணிகள்; பத்தாவது அணியின் பஸ் வழியில் பழுதாகி, அவர்கள் வரவே இல்லை.