மூன்று மாதத்துக்குள் வாங்கிய சான்று

"அதைப் படிக்காத, நெஸ்டா. அப்படியே அடுப்புல போடு."

எம்ரிஸ் சொல்லி முடிப்பதற்குள் அவள் உறையைக் கிழித்துவிட்டாள். பல்கலைக்கழக முத்திரை குத்திய நீல உறை. விலாசத்தில் அவர்களுடைய மகன் பெயர்: திரு. கெதின் பெவன்.

நின்றபடியே வாசித்தாள். "அன்புள்ள கெதின், உங்கள் உடல்நலக் குறைபாட்டுக்கான மருத்துவச் சான்று காலாவதியாகிவிட்டது. உங்கள் நிலை இன்னும் தொடர்கிறது என்பதற்கு, மூன்று மாதத்துக்குள் வாங்கிய புதிய சான்றைப் பதினான்கு நாள்களுக்குள் அனுப்பவும். தவறினால் உங்களுக்கான உதவிகள் நிறுத்தப்படும்."

கெதின் இறந்து ஏழு மாதம் ஆகியிருந்தது.

"இனிமே எதை நிறுத்தப் போறாங்களாம்?" என்றாள்.

"மெஷின் அனுப்புறது அது. மனுஷன் எவனும் உக்காந்து எழுதல."

"கீழ ஒரு பேரு இருக்கே. எலுனெட் ப்ரைஸ்னு."

"பேரையும் மெஷினே போடும். குடு இப்படி."

அவள் கொடுக்கவில்லை. "கேள்வி கேட்டிருக்காங்க எம்ரிஸ். பதில் சொல்லிட்டு வரேன்."

எம்ரிஸ் பால் லாரி ஓட்டுகிறவன். மலைப் பண்ணைகளுக்கு அவன் போய்ச் சேர நேரமாகிவிட்டிருந்தது. ஆனாலும் நாற்காலியைத் தரையில் இழுக்காமல், இரண்டு கையாலும் தூக்கிப் பின்னால் வைத்துத்தான் எழுந்தான். அந்த வீட்டில் எதுவும் சத்தம் போட்டு விழுவதில்லை. அடக்கம் முடிந்த வாரமே அவன் நாற்காலிக் கால்களுக்கெல்லாம் கம்பளித் துண்டு ஒட்டியிருந்தான். அலமாரியின் மேல் தட்டிலிருந்த சாமான்களைக் கீழே இறக்கி வைத்திருந்தான். பன்னிரண்டு வருஷமாக மாடியில் 'தொப்'பென்று ஒரு சத்தம் கேட்டால் மாவுக் கையோடு படியேறி ஓடியவள் நெஸ்டா. மகன் போன பிறகும் அந்தக் கால்கள் ஓடின. இரண்டு முறை அவள் மாடி வரைக்கும் போய், காலிக் கட்டிலைப் பார்த்துவிட்டு இறங்கி வந்ததை அவன் பார்த்திருந்தான். அதற்கு அவன் கண்டுபிடித்த மருந்து, கம்பளித் துண்டு.

கெதினுக்கு ஆறு வயதில் வலிப்பு வந்தது. வந்தது வந்ததுதான். மாத்திரைக்குக் கொஞ்சம் அடங்கும், பிறகு தலை தூக்கும். அது அவன் சாகும்வரை கூடவே வரும் என்று மூன்று மருத்துவர்கள் எழுதிக் கொடுத்திருந்தார்கள். கணக்கில் கெட்டிக்காரன். மலைக்கு அந்தப்பக்கம், கடலோர நகரத்துப் பல்கலைக்கழகத்தில் இடம் கிடைத்தது. விடுதியில் மூன்றாவது மாடியில் அறை கொடுத்தார்கள். அவனைப் போன்றவர்களுக்கென்றே தரைத்தளத்தில் நான்கு அறைகள் இருந்தன. அதில் ஒன்று காலியாகவும் இருந்தது. கேட்டான். மருத்துவர் கடிதம் வேண்டும் என்றார்கள். கொடுத்தான். அது எழுதப்பட்டு மூன்று மாதமும் ஒன்பது நாளும் ஆகியிருந்தது. புதிது வாங்கி வா என்றார்கள். மருத்துவரைப் பார்க்க ஐந்து வாரம் காத்திருக்க வேண்டியிருந்தது. நான்கு முறை மின்னஞ்சல் எழுதினான். நான்கு முறையும் ஒரே பதில்: "உங்கள் பொறுமைக்கு நன்றி."

பிப்ரவரியில் ஒரு மாலை, குளியல் தொட்டியில் தண்ணீர் நிறைந்திருந்தபோது வலிப்பு வந்தது. மேல் மாடியில் கேட்க ஆள் இல்லை. மறுநாள் துப்புரவுக்கு வந்த பெண்தான் கதவைத் திறந்தாள். புதிய சான்றில் மருத்துவர் கையெழுத்துப் போட்ட நாளில் கெதின் பிணவறையில் இருந்தான்.

விசாரணை நடந்தது. விபத்து என்றார்கள். யாரும் பொய் சொல்லவில்லை. பல்கலைக்கழகத்தின் ஒரு பிரிவு மலர் வளையம் அனுப்பியது. இன்னொரு பிரிவின் கணினியில் அவன் செத்தது பதிவாகவே இல்லை. அதனால்தான் நீல உறை வந்தது.

திங்கட்கிழமை நெஸ்டா பேருந்து ஏறினாள்.

மாணவர் உதவி அலுவலகத்தில் நம்பர் சீட்டு கொடுத்தார்கள். அவளுக்கு முன்னால், தள்ளுவண்டியில் இரண்டு வயதுக் குழந்தையோடு ஒரு பெண் நின்றிருந்தாள். பெயர் லௌரி, வேதியியல் இரண்டாம் ஆண்டு. குழந்தை மாலி வண்டிப் பட்டையைக் கடித்துக்கொண்டிருந்தது. கதவில் 'குழந்தைகளுக்கு அனுமதி இல்லை' என்று ஒட்டியிருந்தது. காவலாளி மூன்றாவது முறையாக அதைச் சுட்டிக்காட்டிவிட்டுப் போயிருந்தான்.

"ஒரு நிமிஷம் இவளப் பாத்துக்கிறீங்களா? சன்னல்கிட்ட போய்ப் பேசிட்டு வந்துடுறேன்," என்றாள் லௌரி.

நெஸ்டா குழந்தையைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டாள். பேச்சு முழுவதும் அவளுக்குக் கேட்டது.

"ஆய்வகம் இந்த வருஷம் நாலுலேருந்து ஆறு வரைக்கும்னு மாத்திட்டாங்க. குழந்தைகள் காப்பகம் அஞ்சு மணிக்குப் பூட்டிடுவாங்க. காலை வகுப்புல இடம் இருக்கு. என்னை அதுல போட்டா போதும்."

சன்னலுக்கு உள்ளே இருந்தவள் எலுனெட். ஐம்பதைத் தாண்டியவள், கண்ணாடியைச் சங்கிலியில் கோத்துக் கழுத்தில் தொங்கவிட்டிருந்தாள். "குழந்தையப் பாத்துக்க வேற யாரும் இல்லைன்னு சான்று வேணுமே லௌரி."

"வேற யாரும் இல்லைங்க."

"அதைத்தான் யாராவது எழுதிக் குடுக்கணும்."

"இல்லாத ஆளுக்கு யார்கிட்ட போய்ச் சான்று வாங்குறது? நீங்களே சொல்லுங்க."

எலுனெட் திரையைப் பார்த்தாள். பதினான்கு வருஷமாக அந்த நாற்காலியில் இருப்பவள். பிப்ரவரிக்குப் பிறகு அவளால் 'பொறுமைக்கு நன்றி' என்று தட்டச்ச முடிவதில்லை, விரல் நின்றுவிடும். வீட்டில் தொட்டியில் தண்ணீர் விழும் சத்தம் கேட்டால் வெளியே போய்த் தோட்டத்தில் நிற்பாள். கணவனுக்குக் காரணம் தெரியாது.

"கொஞ்சம் இப்படி உக்காரும்மா. யோசிக்கிறேன்," என்று லௌரியை ஓரமாக உட்காரச் சொல்லிவிட்டு அடுத்த எண்ணை அழுத்தினாள்.

நெஸ்டா குழந்தையைத் தாயிடம் கொடுத்துவிட்டு எழுந்தாள். கடிதத்தையும், அதோடு வந்து அவள் நிரப்பியிருந்த படிவத்தையும், இன்னொரு தாளையும் சன்னலில் வைத்தாள்.

எலுனெட் பெயரைப் படித்தாள். அவள் முகம் வெளுத்துப்போனது.

'சென்ற ஆண்டிலிருந்து உங்கள் நிலையில் மாற்றம் உண்டா?' என்ற கேள்விக்கு எதிரே நெஸ்டா தெளிவான கையெழுத்தில் 'உண்டு' என்று எழுதியிருந்தாள். கூட இணைத்திருந்தது இறப்புச் சான்றிதழ்.

"மிஸஸ் பெவன்..." என்றாள் எலுனெட். "இந்தக் கடிதம் உங்களுக்கு வந்திருக்கவே கூடாது. இப்பவே பதிஞ்சு நிறுத்திடுறேன்."

சான்றிதழை ஸ்கேன் செய்யும் வருடியில் வைத்தாள். மெஷின் தேதி கேட்டது, போட்டாள். திரையில் சிவப்பு எழுத்து வந்தது. எலுனெட் சட்டென்று கையால் மறைக்கப் பார்த்தாள். நெஸ்டா அதற்குள் படித்துவிட்டாள். 'சான்று மூன்று மாதத்துக்கு முந்தையது. புதிய சான்று இணைக்கவும்.'

"பழசாயிடுச்சா இது?" நெஸ்டாவின் குரலில் கேலி இல்லை. நிஜமாகவே கேட்டாள். "புதுசு வாங்கணும்னா எந்த டாக்டர்கிட்ட போகணும்?"

எலுனெட் கண்ணாடியைக் கழற்றினாள். "அவனுக்குப் பதில் போட்டதெல்லாம் நான்தான். மெஷின் இல்ல. நாலு தடவையும் நான்தான்."

"தெரியும். உங்க பேரு கீழ இருந்துச்சு," என்றாள் நெஸ்டா. "அவன் உங்களத் திட்டல. 'நல்லவங்கம்மா அவங்க, ரூல் அப்படி இருக்கு'ன்னு எனக்கே சமாதானம் சொன்னான்."

நெஸ்டா திட்டியிருந்தால் எலுனெட்டால் தாங்கியிருக்க முடியும். இதைத் தாங்க முடியவில்லை. ஓரத்தில் குழந்தை சிணுங்கியது. காவலாளி மறுபடி வந்து நின்றான்.

"லௌரி, இங்க வா," என்றாள் எலுனெட்.

ஒரு வெள்ளைத் தாளை எடுத்தாள். 'இந்த மாணவியையும் குழந்தையையும் நேரில் பார்த்தேன். சொன்னதைக் கேட்டேன். உண்மை' என்று எழுதினாள். கையெழுத்துப் போட்டாள். அன்றைய தேதி போட்டாள். வருடியில் வைத்தாள். மேலதிகாரி என்ன சொன்னாலும் சொல்லட்டும், மெஷின் தள்ளினால் தள்ளட்டும் என்றுதான் அதைச் செய்தாள்.

மெஷின் தள்ளவில்லை. பச்சை அடையாளம் விழுந்தது. 'சான்று ஏற்கப்பட்டது. காலை வகுப்பு ஒதுக்கப்பட்டது.'

மூன்று பெண்களும் அந்தப் பச்சையைப் பார்த்தபடி நின்றார்கள். மெஷினுக்குத் தேதி மட்டுமே வேண்டியிருந்தது. என்ன எழுதியிருக்கிறது, யார் எழுதியது என்று அது ஒருநாளும் பார்த்ததில்லை. பதினான்கு வருஷமாக எலுனெட்டும் அதைச் சோதித்துப் பார்த்ததில்லை. பிப்ரவரியில் ஒரு வெள்ளைத்தாளும் இரண்டு வரியும் போதுமாக இருந்திருக்கும்.

"இவ்வளவுதானா?" என்றாள் நெஸ்டா.

எலுனெட் ஆமென்று தலையை ஆட்டினாள்.

"கெதினுக்கும் ஒண்ணு எழுதுங்க."

"மிஸஸ் பெவன்..."

"எழுதுங்க."

எழுதினாள். 'வலிப்பு' என்ற சொல்லை அடித்துவிட்டு இரண்டாம் முறை எழுத வேண்டியிருந்தது. பச்சை விழுந்தது. 'அன்புள்ள கெதின், உங்கள் கோரிக்கை ஏற்கப்பட்டது. தரைத்தளம், அறை எண் இரண்டு. சாவியை விடுதியில் பெற்றுக்கொள்ளவும்.' அச்சு இயந்திரம் தாளைத் துப்பியது. நெஸ்டா அதை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டு நன்றி சொல்லிவிட்டுப் போனாள். அவளுக்குப் பின்னால் எலுனெட் அடுத்த எண்ணை அழுத்தினாள். வெள்ளைத்தாள் கட்டைப் பிரித்துப் பக்கத்தில் வைத்துக்கொண்டாள். அன்று சாயங்காலம் அலுவலகம் பூட்டும்வரை அவள் யாரிடமும் சான்று கேட்கவில்லை. அதற்கான விசாரணைக் கடிதம் மூன்றாம் நாள் அவளுக்கு வந்தது.

விடுதியில் புதிதாகச் சேர்ந்திருந்த பொறுப்பாளர் டில்வின், தாளைப் பார்த்ததும் சிரித்த முகமாகச் சாவியை எடுத்தார்.

"பையன் வரலையா?"

"முதல்ல நான் பாக்குறேன்."

"அம்மாக்களே அப்படித்தான். வாங்க."

சின்ன அறை. சன்னலுக்கு வெளியே புல்வெளி. குளியலறையில், தொட்டிக்குப் பக்கத்தில் கூரையிலிருந்து தரைவரை ஒரு சிவப்புக் கயிறு தொங்கியது.

"விழுந்து கிடந்தாலும் கை எட்டணும்னுதான் இவ்வளவு நீளம். இழுத்தா கட்டடம் முழுக்க மணி அடிக்கும். கயிறுகூட வேணாம், இங்க ஒரு சத்தம் கேட்டாலே பக்கத்து அறைல உதவிக்கு ஆள் இருக்கு. கவலைப்படாம அனுப்பி வைங்க," என்றார் டில்வின். அவரை யாரோ கூப்பிட்டார்கள், போனார்.

நெஸ்டா தொட்டியின் விளிம்பில் உட்கார்ந்தாள். வெறும் தொட்டி. உள்ளே கையை வைத்துப் பார்த்தாள், சில்லென்று இருந்தது. கொஞ்ச நேரம் கழித்துக் கயிற்றைப் பிடித்து இழுத்தாள்.

மணி கட்டடம் முழுக்க அலறியது. கதவுகள் திறந்தன. நடைகூடத்தில் கால்கள் ஓடி வந்தன. டில்வின் மூச்சிரைக்க நின்றார்; பின்னால் முதலுதவிப் பெட்டியோடு ஓர் இளம்பெண்; அவளுக்குப் பின்னால் மாணவர்கள் நாலைந்து பேர்.

"யாருக்கு? என்ன ஆச்சு?"

"யாருக்கும் ஒண்ணுமில்ல," என்றாள் நெஸ்டா. "வருவீங்களான்னு பாத்தேன்."

டில்வின் பெருமூச்சு விட்டு, மணியை நிறுத்தச் சுவரிலிருந்த பொத்தானுக்குக் கையை நீட்டினார். அவள் எழுந்து அவருக்கும் பொத்தானுக்கும் நடுவில் நின்றுகொண்டாள்.

"அடிக்கட்டும்," என்றாள்.