சலவைப் பிரிவையும் சேர்த்து

எங்கள் ஆஸ்பத்திரியில் யார் எந்தக் கதவைத் திறக்கலாம், யார் எந்தக் கம்ப்யூட்டரில் உட்காரலாம் என்பதை ஒரு சர்வர்தான் முடிவு செய்யும். எல்லார் பேரும் அதற்குள் இருக்கிறது. அதைப் பார்த்துக்கொள்வது என் வேலை. அன்று காலை நான் வந்தபோது நர்ஸுகள் மருந்து அறைக்கு வெளியே கையைப் பிசைந்துகொண்டு நின்றார்கள். கேட்டில் சலவைப் பிரிவுப் பெண்கள் கார்டைத் தேய்த்துத் தேய்த்து ஓய்ந்துபோயிருந்தார்கள். அவர்களில் என் நாத்தனாரும் ஒருவர். என் கணவருக்கு அக்கா. நான் வைத்த குழம்பில் உப்பு சரியாக இருந்ததாக இன்றுவரை ஒப்புக்கொண்டதில்லை. என்னைப் பார்த்ததும், நான் வேலை பார்க்கும் லட்சணம் இதுதானா என்று எல்லார் முன்னாலும் கேட்டார். நேரம் இருந்திருந்தால் நன்றாகத் திருப்பிக் கொடுத்திருப்பேன்.

சர்வரைச் சரிசெய்ய வேண்டியவள் என்பதால் செக்யூரிட்டிக்காரர் என்னை மட்டும் சாவி போட்டு உள்ளே விட்டார். போய்ப் பார்த்தால் பணியாளர்கள் பேரெல்லாம் கூண்டோடு போயிருந்தது. யாரோ அழித்திருக்கிறார்கள். முந்தின நாள் எடுத்த பேக்கப் இருந்ததால் எனக்கு உயிர் வந்தது. சர்வரைப் பழுதுபார்க்கும் நிலையில் கிளப்பினேன். பாஸ்வேர்டு தப்பு என்றது. அந்த நிலைக்குத் தனி பாஸ்வேர்டு உண்டு என்பது பதற்றத்தில் மறந்துபோயிருந்தது. அதைப் போட்டதும் உள்ளே விட்டது. பேக்கப் ஏறியது, வெற்றி என்று திரையில் வந்தது, சர்வரை வழக்கம்போல் ஓடவிட்டேன். நான் தண்ணீர் பாட்டிலைத் திறந்து வாயில் வைப்பதற்குள் வந்த பேரெல்லாம் மறுபடி காணாமல் போனது.

வாயில் நல்ல வார்த்தை வரவில்லை. கொஞ்சம் யோசித்த பிறகுதான் பிடிபட்டது. பக்கத்துக் கட்டடத்தில் இன்னொரு சர்வர் இருக்கிறது. இரண்டும் ஒன்றையொன்று கேட்டுத் தங்களைச் சரிசெய்துகொள்ளும். இது, இவர்கள் இருக்கிறார்கள் என்கிறது. அதுவோ, இவர்களை அழித்தாகிவிட்டது, உன் சேதி பழசு என்கிறது. எது பிந்தி நடந்ததோ அதுதான் செல்லும். அதனால் நெட்வொர்க் வயரைப் பிடுங்கிவிட்டு மறுபடி ஏற்றினேன். இனி, ஏற்றிய ஒவ்வொரு பிரிவின் மேலும் ‘இதுதான் கடைசிச் சொல்’ என்று முத்திரை போட வேண்டும். முத்திரை விழாத பிரிவை அடுத்த சர்வர் மறுபடி விழுங்கிவிடும்.

அப்போதுதான் நிர்வாக அதிகாரி வந்து கதவைச் சாத்தினார். சட்டையில் ஒரு மடிப்புக் கலையாது என்பதால் நாங்கள் அவருக்கு வைத்திருக்கும் பெயர் இஸ்திரி. நிலவரத்தைக் கேட்டுக்கொண்டார். பிறகு குரலைத் தணித்து, சலவைப் பிரிவுக்கு மட்டும் முத்திரை போட வேண்டாம் என்றார். புது ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட மாட்டோம் என்று அந்தப் பெண்கள் மறுத்திருந்தார்கள். அவர்களை மட்டும் நீக்கப் போய்த்தான் கை தவறி எல்லாரையும் அழித்துவிட்டாராம். கார்டு பதியாதவர்கள் தாங்களாகவே வேலையை விட்டுப் போனவர்கள் என்பது இங்கே விதி. கதவைத் திறக்காமல் வைத்துவிட்டு, நீங்களாகத்தான் போனீர்கள் என்று சொல்வதற்கு எவ்வளவு நெஞ்சழுத்தம் வேண்டும். எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது.

“அப்படி ஒரு பிரிவை மட்டும் விட முடியும்தானே?” என்றார்.

“முடியும் சார். ஆனா செய்யமாட்டேன்.”

சொந்தக்காரி இருக்கிறார் என்பதால்தானே இந்த வீராப்பு என்று கேட்டார். ஆமாம், அவருக்கு வேலை போனால் நாள் முழுக்க என் அடுப்படியில்தான் நிற்பார், அதைத் தாங்கும் தெம்பு எனக்கில்லை என்றேன். இஸ்திரி சிரிக்கவில்லை. என் வேலையும் போகும் என்றார்.

“அவங்களை அனுப்பணும்னா கேட்டுக்குப் போய் முகத்தைப் பாத்துச் சொல்லுங்க சார். கதவை விட்டுச் சொல்ல வைக்காதீங்க.”

சலவைப் பிரிவையும் சேர்த்து முத்திரை போட்டேன். அவர் பார்த்துக்கொண்டே நின்றார். வயரைத் திரும்பச் செருகினேன். அடுத்த சர்வர் ஒவ்வொரு பேராக ஒத்துக்கொண்டது. அதைப் பார்க்கப் பார்க்க எனக்கு நெஞ்சு நிமிர்ந்தது. கேட்டில் பச்சை விளக்கு எரிந்தது, பெண்கள் உள்ளே போனார்கள். என் நாத்தனார் நான் நின்ற ஜன்னல் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

மத்தியானம் டீ குடிக்க வெளியே போய்த் திரும்பினால் என் கார்டுக்குச் சிவப்பு விளக்கு எரிந்தது. இந்த முறை இஸ்திரிக்குக் கை தவறவில்லை. செக்யூரிட்டிக்காரர் என் முகத்தைப் பார்க்கச் சங்கடப்பட்டார். சிஸ்டத்தில் பேர் இல்லை, விடக்கூடாது என்று உத்தரவு என்றார். நியாயமாகச் சண்டை போட்டிருக்க வேண்டும். காலையில் அந்தப் பெண்கள் செய்ததுபோல் நானும் கார்டைத் தேய்த்துக்கொண்டே நின்றேன்.

உள்ளேயிருந்து ஒரு தள்ளுவண்டி வந்தது. மேலே அழுக்கு விரிப்புகள் மலையாகக் கிடந்தன. தள்ளிக்கொண்டு வந்தவர் என் நாத்தனார். எங்கள் அறைச் சுவர் வெறும் பலகைச் சுவர்; அங்கே பேசியதெல்லாம் எப்போதோ சலவைக்கூடத்துக்குப் போய்ச் சேர்ந்திருந்தது. தன் கார்டைத் தேய்த்துக் கதவைத் திறந்தார். வண்டியை வாசலுக்குக் குறுக்கே நிறுத்தினார். மூட வந்த கதவு வண்டியில் இடித்து நின்றது.

“சிஸ்டத்துல பேரு இல்லன்னா என்ன? நான் சொல்றேன், இவ எங்க வீட்டுப் பொண்ணு. இவ உள்ள வராம இந்த வண்டி நகராது.”

அவருக்குப் பின்னால் இன்னும் சில வண்டிகள் வந்து நின்றன. செக்யூரிட்டிக்காரர் விலகிக்கொண்டார். நான் வண்டியை ஒட்டி உடம்பை ஒடுக்கிக்கொண்டு நுழைந்தேன்.

“எதுக்கு இப்படிக் கூனிக்கிட்டுப் போற? நிமிந்து நட” என்றார் நாத்தனார்.

நிமிர்ந்துதான் நடந்தேன், நேராக இஸ்திரியின் அறைக்கு.