பதினோரு திருப்புளிகள்

“ஏம்மா, விமானத்துக்கு வயிறு வலிச்சா அது யாருகிட்ட சொல்லும்?” என்று உஸ்தியா ஒருநாள் கேட்டாள். ஆறு வயது. பொன்னுக்குவீங்கி கண்டு, கன்னம் இரண்டும் உப்பி, தலையோடு கம்பளிச் சால்வை சுற்றிக்கொண்டு விடுதி அறைக் கட்டிலில் கிடந்தாள்.

“யாருகிட்டயும் சொல்லாது. நாமதான் பாத்துக்கணும். நீ கஞ்சியக் குடி” என்றாள் அவள் அம்மா கபித்தோலினா.

மாஸ்கோவுக்கு வெளியே இருந்த சோதனை விமானத்தளத்தில், மூன்றாம் கொட்டகையின் கருவி அறை கபித்தோலினாவின் பொறுப்பு. விடுதி அறையும் அந்த வேலையோடு வந்ததுதான். வேலை போனால் அறையும் போகும். தளத்தில் ஒவ்வொரு கருவியிலும் எண் பொறித்திருக்கும். மெக்கானிக் தன் பெயர் பொறித்த பித்தளை வில்லையை அடையாளத்துக்கு ஆணியில் மாட்டிவிட்டுக் கருவியை எடுத்துப் போவார். மாலையில் திருப்பித் தருவார். அவள் எண்ணைப் படித்துச் சரிபார்த்துக் கையெழுத்துப் போட்டால்தான் மறுநாள் விமானம் பறக்கலாம்.

அந்த வசந்தத்தில் அங்கே ஒரு விசித்திர வண்டி இருந்தது. விண்வெளியிலிருந்து தரைக்கு எப்படி இறங்குவது என்று கற்றுக்கொள்வதற்காகவே கட்டியது. மழுங்கிய மூக்கு, தட்டை வயிறு, பெயருக்கு இரண்டு சிறகு. எல்லோரும் அதை இஸ்திரிப்பெட்டி என்றார்கள். பெரிய விமானம் ஒன்று அதை வயிற்றில் கட்டித் தூக்கிப்போய் உயரத்தில் விட்டுவிடும். உள்ளே ஒரே ஒரு விமானி. அவர்தான் அதை மிதக்கவிட்டுத் தரைக்குக் கொண்டுவர வேண்டும்.

பறக்கும் நாள் காலை. நகரத்திலிருந்து வந்த பெரியவர்கள் தொலைநோக்கியும் கையுமாக நாற்காலிகளில் உட்கார்ந்துவிட்டார்கள். கபித்தோலினா திருப்புளிகளைத் துடைத்துக்கொண்டிருந்தாள். எட்டாவதைத் துடைத்த கை அப்படியே நின்றது. மூன்றாம் கொட்டகைக் கருவிகளின் எண் எல்லாம் மூன்றில் தொடங்கும். இதன் எண் நான்கில் தொடங்கியது.

முந்தின மாலை அவள் எண்ணிப் பார்த்தாள். பதினொன்று சரியாக இருந்தது. வீட்டில் குழந்தைக்குச் சுரம். எண்களைப் படிக்காமலே கையெழுத்துப் போட்டுவிட்டு ஓடினாள். இப்போதும் பதினொன்றுதான். ஆனால் ஒன்று அடுத்த வீட்டுப் பிள்ளை. அப்படியானால் சொந்தப் பிள்ளை எங்கே?

மேசை இழுப்பறையில் இருக்கலாம். யார் சட்டைப்பையிலாவது இருக்கலாம். இல்லை, அந்த வண்டிக்குள் இருக்கலாம். வாயை மூடிக்கொண்டால் அநேகமாக ஒன்றும் ஆகாது. அந்த ‘அநேகமாக’ என்ற சொல்லை அவளால் தாண்ட முடியவில்லை. கடவுளே, என்று மனசுக்குள் சொல்லிவிட்டுத் தொலைபேசியை எடுத்தாள்.

“கெர்மன் பிளதோனவிச், வண்டிய நிறுத்துங்க.”

“யாரு, கபாவா? சுரம் உனக்கா, பொண்ணுக்கா?” என்றார் தலைமைப் பொறியாளர்.

“ஒரு திருப்புளியக் காணோம்.”

“பதினொண்ணு இருக்குன்னு நேத்து நீதானேம்மா கையெழுத்துப் போட்ட?”

“பதினொண்ணு இருக்கு. ஒண்ணு நம்முது இல்ல.”

“குடியக் கெடுத்தியே!” என்று ரிசீவரை வைத்தார். சற்றைக்கெல்லாம் வெளியே இரைந்துகொண்டிருந்த எஞ்சின்கள் ஒவ்வொன்றாக அடங்கின.

இரண்டு மணி நேரம் தேடினார்கள். விமானியின் இருக்கைக்கு அடியில், வாலைத் திருப்பும் தண்டுக்குப் பக்கத்திலேயே கிடந்தது அது. பறந்திருந்தால், வண்டியின் மூக்கு சாய்ந்ததும் உருண்டுபோய்த் தண்டைக் கவ்விக்கொண்டிருக்கும். விமானி ஒரு சிகரெட் கேட்டு வாங்கினார். பற்றவைக்க மறந்து கையிலேயே வைத்திருந்தார்.

மத்தியானம் விசாரணை. திருப்புளியை எடுத்துப் போனவர் மூத்த மெக்கானிக் லாவ்ர் சகாரிச். இருக்கைக்கடியில் விட்டதை மறந்து, எங்கேயோ வைத்துவிட்டோம் என்று பக்கத்துக் கொட்டகையில் ஒன்று வாங்கி வேலையை முடித்து, மாலையில் அதையே திருப்பிக் கொடுத்திருக்கிறார். உள்ளே போகும் முன் இதை அவளிடம் மட்டும் சொன்னார். மறதிக்குத் தண்டனை ஒரு கண்டிப்புக் கடிதம். எண் படிக்காமல் கையெழுத்துப் போட்டதற்கோ வேலையே போகும்.

“எண் படிச்சீங்களா?” என்று அதிகாரி அவளைக் கேட்டார்.

அவள் வாய் திறந்தாள்.

“படிச்சா. நான் பக்கத்துலதான் நின்னேன்” என்றார் லாவ்ர். “அவ பூட்டிட்டுப் போன பொறவு, ரெண்டாவது சாவி போட்டு நான்தான் திறந்தேன். ஒரு திருகு தளர்வா இருக்கோன்னு சந்தேகம். வில்லை மாட்டாமத்தான் எடுத்தேன். திருப்பி வெச்சப்பத்தான் மாறிப்போச்சு.”

அது பொய். பொய் பாவம்தான். ஆனால் ஆண்டவர் அன்று அதை எந்தப் பக்கத்தில் எழுதிக்கொண்டார் என்று அவருக்குத்தான் தெரியும். கபித்தோலினாவுக்குக் கண்முன் ஒரு கட்டில் தெரிந்தது, அதில் ஒரு சால்வை. திறந்த வாயை மூடிக்கொண்டாள்.

வராந்தாவில் அவரை மறித்தாள். “எதுக்கு அப்படிச் சொன்னீங்க? உங்கள வண்டி வேலையிலேருந்தே எடுத்துடுவாங்களே!”

“நீ போன் எடுக்காம இருந்திருந்தா நான் இன்னிக்கு ஒரு மனுசனக் கொன்னவன். போ, போ. டீ ஆறுது.”

எடுத்துத்தான் விட்டார்கள். விமானம் உருண்டு போகும் தடத்தைச் சுத்தம் செய்யும் குழுவில் போட்டார்கள். ஒரு சின்னக் கல் போதும், எஞ்சின் உறிஞ்சி உள்ளே இழுத்துச் சிதைத்துக்கொள்ளும். ஆகவே தினமும் காலையில் ஆட்கள் வரிசையாக நடந்து கல் பொறுக்குவார்கள். கொட்டகை வாசலிலிருந்து தடத்தோரத்து மூன்றாவது விளக்குவரை லாவ்ரின் பங்கு. அவருக்கு வலது முழங்கால் மடங்காது. ஒவ்வொரு கல்லுக்கும் விளக்குமாற்றை ஊன்றி, ஒரு காலை நீட்டி, பாதி உட்கார்ந்து எழ வேண்டும்.

“என்ன லாவ்ர், கல்லுக்கெல்லாம் கும்புடு போடுறியா?” என்று கூட வந்தவர்கள் சிரித்தார்கள்.

“உனக்குப் போடறதுக்கு இது தேவல” என்றார் அவரும் சிரித்துக்கொண்டே. நிமிர்ந்தபோது முகம் வெளுத்திருந்தது. கபித்தோலினா அதை ஜன்னல் வழியாகப் பார்த்தாள்.

மே மாதக் கடைசி. காலை ஐந்து மணிக்கே நல்ல வெயில். கபித்தோலினா சரக்கு எண்ண வந்திருக்கிறாள் என்று நினைத்துக்கொண்டு காவலாளி உள்ளே விட்டார். தடத்தில் ஒருவருமில்லை. அவள் மேலங்கியின் நுனியைத் தூக்கி இடுப்பில் செருகிக்கொண்டு மூன்றாவது விளக்கிலிருந்து தொடங்கினாள். கூழாங்கல், சிமெண்டுச் சில்லு, துருப்பிடித்த ஒரு மரையாணி, காக்கை போட்டுவிட்டுப் போன எலும்பு.

ஏழு மணிக்கு லாவ்ர் வந்தார். தடத்தைப் பார்த்தார், திரும்ப ஒருமுறை பார்த்தார். “நம்ம பக்கம் காத்து நல்லா வீசுதுப்பா” என்று குழுவிடம் சொல்லிவிட்டு, விளக்குமாற்றில் சாய்ந்து மெதுவாக நடந்து போனார். ஜன்னலுக்குள் அவள் ஒரு ஸ்பானரைத் துடைத்துக்கொண்டிருந்தாள், தலை நிமிரவில்லை.

மறுநாளும் அவள் ஐந்து மணிக்கு வந்தாள். அதற்கு அடுத்த நாளும். முதல் பனி விழுந்து, தடத்தை யந்திரம் பெருக்கத் தொடங்கும்வரை, ஒவ்வொரு காலையும் மடி நிறையக் கல்லைப் பள்ளத்தில் கொட்டிவிட்டு, கையைக் கழுவிக்கொண்டு வேலைக்குப் போனாள்.